லடாக் பயணத்துக்கு எந்தக் கேமரா? சோனியின் இரண்டும் ஓஎம்-5-உம்

லடாக்கில் ஒரு மாதம் சுற்றக் கிளம்புகிறவர்கள் கேமரா தேடும்போது மெகாபிக்சலில் ஆரம்பித்து விலையில் முடிக்கிறார்கள். நான் தூசியில் ஆரம்பிக்கச் சொல்வேன். நூப்ராவின் ஹுண்டர் மணல்மேடுகள், சோ கார் ஏரியைச் சுற்றிய வெட்டவெளி, முன்னால் போகும் லாரி கிளப்பிவிடும் புழுதி... தூசி படாத நாள் அங்கே குறைவு.

பலரும் குழம்பும் மூன்று கேமராக்கள் இவை: சோனி ஆர்எக்ஸ்100 மார்க் 7 (2019), சோனி ஆர்எக்ஸ்10 மார்க் 4 (2017), ஓஎம் சிஸ்டம் ஓஎம்-5 (2022). மூன்றுமே 20 மெகாபிக்சல்தான். அந்தப் பேச்சை இதோடு விட்டுவிடலாம்.

ஆர்எக்ஸ்100 வெறும் 302 கிராம். 24 முதல் 200 மி.மீ. வரை ஜூம். நாலாயிரம் மீட்டர் உயரத்தில் பத்தடி நடந்தாலே மூச்சு வாங்கும். அப்போது சட்டைப் பைக்குள் அடங்கும் கேமராவின் அருமை தெரியும். ஆனால் தூசிக்கு எந்தக் காப்பும் இல்லை. ஆன் செய்யும்போதெல்லாம் லென்ஸ் குழல் வெளியே நீளும், அணைத்தால் உள்ளே போகும். அந்த இடுக்கு வழியாகத் தூசி, படத்தைப் பதியும் சென்சாருக்குப் போய்விட்டால், அபர்ச்சரை (ஒளி நுழையும் துளையை) சுருக்கி எடுக்கும் வானத்தில் எல்லாம் ஒரே இடத்தில் சாம்பல் புள்ளி விழும். லென்ஸைக் கழற்ற முடியாது என்பதால் நாமாகத் துடைக்கவும் வழியில்லை. சர்வீஸ் சென்டரில் பிரித்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். பயணத்தின் மூன்றாம் நாளிலேயே இப்படி ஆனால் மீதி நாட்களின் நீல வானம் அத்தனையும் கறைதான்.

ஓஎம்-5 இங்கேதான் முந்துகிறது. பாடிக்கு ஐபி53 எனும் தூசி, நீர்த்துளித் தடுப்புத் தரச்சான்று உண்டு. சீல் செய்த 12-45 எஃப்4 ப்ரோ லென்ஸ் மாட்டினால் மொத்தம் 670 கிராமுக்குள் முடிந்துவிடும். ஆன் செய்யும்போது சென்சாருக்கு முன்னுள்ள கண்ணாடி வடிகட்டி தானே அதிர்ந்து தூசியை உதறும். மிஞ்சியதை ராத்திரி அறையில் உட்கார்ந்து ப்ளோயரால் ஊதிவிடலாம். புழுதிக் காற்றில் லென்ஸ் மாற்றினால் மட்டும் இந்தப் பாதுகாப்பு எதற்கும் உதவாது.

இருட்டில் எது தேவலை என்று பார்த்தால் கணக்கு கொஞ்சம் வேறு. ஓஎம்-5-இன் சென்சார் பரப்பு சோனிகளின் ஒரு அங்குல சென்சாரைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. ஆனால் எஃப்4 ஜூமை மாட்டினால் அந்த லாபம் போய்விடுகிறது, ஏனென்றால் ஆர்எக்ஸ்100 அகலக் கோணத்தில் எஃப்2.8, ஆர்எக்ஸ்10 எஃப்2.4 (எஃப் எண் குறையக் குறைய ஒளி அதிகம் நுழையும்). திக்சே போன்ற மடங்களுக்குள் அசையாத சிலைகளை எடுக்க ஓஎம்-5-இன் நடுக்கத் தடுப்பு கைகொடுக்கும்; அரை விநாடிகூடக் கையிலேயே பிடிக்கலாம். (ஆல்ச்சியில் சுவரோவியங்களைப் படமெடுக்கவே அனுமதியில்லை. தயவுசெய்து மதியுங்கள்.) நட்சத்திரங்களுக்கு அந்த வித்தை செல்லாது. இந்தியாவின் முதல் இருள்வான் காப்பகமான (செயற்கை வெளிச்சத்தைக் கட்டுப்படுத்திக் காக்கும் இடம்) ஹன்லே வரை போகிறீர்கள் என்றால் 120 கிராம் எடையுள்ள 17 மி.மீ. எஃப்1.8 லென்ஸையும் சின்ன டிரைபாடையும் சேர்த்துக்கொள்ளுங்கள். எஃப்4-ஐவிட அது ஏறக்குறைய ஐந்து மடங்கு ஒளியை உள்ளே விடும். சோனி இரண்டிலும் லென்ஸ் மாற்றும் பேச்சுக்கே இடமில்லை.

ஆர்எக்ஸ்10 ஒரு காரணத்துக்காகவே வாங்க வேண்டிய கேமரா: 600 மி.மீ. சோ கார் பக்கம் கருங்கழுத்துக் கொக்குகள் குஞ்சு பொரிக்கும் பருவத்தில் அவற்றை நெருங்கவே கூடாது. தூரத்தில் நின்று எடுக்க இந்த நீளம் வேண்டும். கியாங் எனும் காட்டுக் கழுதைகளுக்கும் அப்படியே. எடை 1,095 கிராம். ஓஎம்-5-உடன் 40-150 எஃப்4 லென்ஸையும் தூக்கினால் எடை ஏறக்குறைய அதே அளவுக்கு வரும், எட்டுவதோ சோனிகளின் கணக்கில் 300 மி.மீ.க்கு நிகர்தான் (ஓஎம்-5 லென்ஸின் மி.மீ. எண்ணை இரட்டிப்பாக்கினால் அந்தக் கணக்கு வரும்). பறவைக்காகவே போகிறவர் யோசிக்காமல் ஆர்எக்ஸ்10 எடுக்கலாம். தூசியையும் ஈரத்தையும் அது ஓரளவு தாங்கும், ஓஎம்-5 அளவுக்கு நம்பிவிட வேண்டாம்.

மற்றவர்களுக்கு என் தேர்வு ஓஎம்-5, 12-45 லென்ஸோடு. மலையேற்றமே முக்கியம், பை கனக்கக் கூடாது என்பவருக்கு மட்டும் ஆர்எக்ஸ்100. அதையும் ஜிப் உறையில் போட்டு, காற்று அடிக்கும்போது வெளியே எடுக்காமல் வைத்திருக்க வேண்டும்.

பேட்டரி விஷயத்தில் ஆர்எக்ஸ்10 ஒரு சார்ஜுக்குச் சுமார் 400 படம், ஓஎம்-5 310, ஆர்எக்ஸ்100 260 என்பது நிறுவனக் கணக்கு. குளிரில் இது கணிசமாகக் குறையும். எதை வாங்கினாலும் கூடுதலாக இரண்டு பேட்டரி வாங்கிவிடுங்கள், விமானத்தில் அவற்றைக் கைப்பையிலேயே வையுங்கள், இரவில் தூக்கப்பைக்குள் போட்டுக்கொள்ளுங்கள். மூன்றுக்கும் மைக்ரோ யூஎஸ்பி கேபிள்தான். இப்போதைய போன் கேபிள் பொருந்தாது, தனியாக இரண்டு எடுத்துவையுங்கள்.