எங்கள் ஊர் ஒன்றிய நடுநிலைப் பள்ளி: ஐந்தாவது வரை தாராளமாகச் சேர்க்கலாம், ஆறாவதுக்கு விசாரித்துவிட்டுச் சேருங்கள்

பள்ளியின் பெயரைப் போடவில்லை. போட்டால் திட்டு விழப்போவது, ஏற்கனவே ரெண்டு ஆள் வேலையை ஒரே ஆளாக இழுத்துக்கொண்டிருக்கும் டீச்சர்களுக்குத்தான். ஒன்று முதல் எட்டு வரை உள்ள ஊராட்சி ஒன்றியப் பள்ளி, பிள்ளைகள் நூற்று நாற்பதுக்குப் பக்கம். என் பையன் மூன்றாவது, மகள் ஏழாவது, ரெண்டு பேரும் இங்கேதான் படிக்கிறார்கள்.

சின்ன வகுப்புகளில் எனக்குப் பெரிய குறை இல்லை. காலையில் உப்புமாவோ கிச்சடியோ பொங்கலோ சூடாகக் கிடைக்கிறது, பையன் வீட்டில் சாப்பிடாததை அங்கே சாப்பிடுகிறான். ஆனால் எண்பது பிள்ளைகள், ஐந்து வகுப்பு, மூன்று இடைநிலை ஆசிரியர்கள் (சின்ன வகுப்புகளுக்குப் பாடம் எடுப்பவர்கள்). ஏதோ காலியிடம் இருக்கிறது, நிரப்பாமல் விட்டிருக்கிறார்கள் என்று நினைக்காதீர்கள், கல்வி உரிமைச் சட்டத்தின் கணக்கே அதுதான்: 61 முதல் 90 பிள்ளைகள் வரை மூன்று ஆசிரியர். வகுப்பு எத்தனை என்று அந்தக் கணக்கு கேட்பதில்லை. சின்னப் பிள்ளைகளுக்கு வாசிப்பும் கணக்கும் பழக்கும் எண்ணும் எழுத்தும் திட்டத்தில் ஒன்று முதல் மூன்று வரை அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பிரித்துக் கலந்து உட்காரவைப்பதால் அந்த டீச்சர் எப்படியோ சமாளிக்கிறார். அவருக்கு மட்டும் தனியாக ஐந்து நட்சத்திரம். நாலும் ஐந்தும் ஒரே அறையில் இருக்கும்போது ஒரு வகுப்பு எழுதிக்கொண்டே இருக்கும், இன்னொரு வகுப்புக்குப் பாடம் நடக்கும்.

சிக்கல் ஆறாவதில் ஆரம்பிக்கிறது. அதே சட்டம் ஆறு முதல் எட்டு வரை வகுப்புக்கு ஒருவராவது வேண்டும், அதில் கணக்கு-அறிவியலுக்கு ஒருவர், சமூக அறிவியலுக்கு ஒருவர், மொழிக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்கிறது. இங்கே கணக்கு-அறிவியல் பட்டதாரி ஆசிரியர் இடம் காலி. இருந்தவர் கலந்தாய்வில் சொந்த ஊர்ப் பக்கம் மாறுதல் வாங்கிப் போய்விட்டார், அவரைக் குறை சொல்லவும் முடியாது. கணக்கைத் தலைமையாசிரியர் எடுக்கிறார், அதாவது நேரம் கிடைக்கும்போது. நடுநிலைப் பள்ளிக்கு எழுத்தர் கிடையாது என்பது நிறைய பெற்றோருக்குத் தெரியாது. எமிஸ் எனும் ஆன்லைன் மாணவர் விவரப் பதிவு, ஆதார், வங்கிக் கணக்கு, சீருடை, நோட்டுக் கணக்கு, வட்டாரக் கல்வி அலுவலகக் கூட்டம் எல்லாம் அவர் தலையில்தான். தேர்தல், கணக்கெடுப்பு வேலைக்கு டீச்சர்களைக் கூப்பிடலாம் என்று சட்டமே சொல்கிறது, அப்படி ஒருவர் போனால் அந்த வாரம் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதனால் நஷ்டம் மார்க்கில் மட்டும் இல்லை. எட்டாவதில் எழுதும் என்.எம்.எம்.எஸ். என்ற மத்திய அரசு உதவித்தொகைத் தேர்வில் தேறினால் ஒன்பது முதல் பன்னிரண்டு வரை வருடம் 12,000 ரூபாய், மொத்தம் 48,000. எங்களைப் போன்ற வீட்டுக்கு அது பெரிய பணம். அந்தத் தேர்வில் கணக்கும் அறிவியலும் உண்டு, அதைச் சொல்லித்தரத்தான் ஆள் இல்லை.

உதவிக்கு யார் இருக்கிறார்கள் என்று பார்த்தால், விளையாட்டுக்கு 2012இல் சேர்ந்த பகுதிநேர ஆசிரியர் ஒருவர் வாரத்தில் மூன்று அரை நாள் வருகிறார், நல்ல மனுஷன், இத்தனை வருஷமாகியும் இன்னும் பகுதிநேரம்தான். எழுத்துக் கூட்டி வாசிக்கவே சிரமப்படும் ஒரு பையன் மகள் வகுப்பில் இருக்கிறான், அவனுக்காக வட்டார வள மையத்திலிருந்து சிறப்பாசிரியர் வாரம் ஒரு நாள் வருகிறார், வந்தால் உருப்படியாக உட்கார்ந்து சொல்லித்தருகிறார். மற்ற நாட்களில் அவன் சும்மாதான் இருக்கிறான். மனநல ஆலோசகர் என்று யாரும் இல்லை. சுவரில் 1098, 14417 என்று உதவி எண்கள் எழுதியிருக்கிறது, பிள்ளைகள் குறையை எழுதிப்போட ‘மாணவர் மனசு’ பெட்டியும் தொங்குகிறது, ஆனால் பெண் பிள்ளைகள் எதுவென்றாலும் ஓடுவது ஆங்கில டீச்சரிடம்தான். அவர் அன்றைக்கு லீவு என்றால் வீட்டுக்கு வந்துதான் அழ வேண்டும்.

சரி, அப்போ ஏன் மகளை மாற்றவில்லை என்று கேட்பீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தால்தான் மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத ஒதுக்கீடு, அது ஒரு காரணம். அரசுப் பள்ளியில் படித்த பெண்கள் காலேஜ் போனால் கிடைக்கும் புதுமைப் பெண் திட்டப் பணமும் இருக்கிறது. அப்புறம் இன்னொன்று, பணியிடக் கணக்கை ஆகஸ்ட் 1 மாணவர் எண்ணிக்கையை வைத்துத்தான் போடுகிறார்கள். டீச்சர் இல்லை என்று நாம் பிள்ளையை எடுக்கிறோம், பிள்ளை இல்லை என்று அவர்கள் டீச்சரைப் பணி நிரவலில், அதாவது உபரி என்று வேறு பள்ளிக்கு மாற்றி, எடுக்கிறார்கள். போன வருடம் டவுன் மெட்ரிக்குக்கு வேன் ஏறிப்போன பிள்ளைகளின் பெற்றோரைத் திட்டவில்லை, அவர்கள் பயம் எனக்கும் உண்டு.

பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் காலியிடத்தைத் தீர்மானமாகப் போடச் சொல்லியிருக்கிறோம். குழு மூலமாகத் தற்காலிக ஆசிரியரையாவது வைக்கலாம் என்று பேச்சு ஓடுகிறது, இன்னும் கைக்கு எதுவும் வரவில்லை.

இந்தப் பக்கத்தில் ஆறாவது சேர்க்கப்போகிறவர்கள் ஸ்மார்ட் கிளாஸைப் பார்த்து மயங்க வேண்டாம், பெயின்ட் உரிந்திருக்கிறது என்று ஓடவும் வேண்டாம். பட்டதாரி ஆசிரியர் எத்தனை பேர், எந்தப் பாடம் காலி, எத்தனை மாதமாகக் காலி, இதை மட்டும் தலைமையாசிரியரிடம் நேராகக் கேளுங்கள், மறைக்காமல் சொல்வார். டீச்சர்களுக்கு நாலரை, ஆள் கணக்குக்கு ரெண்டு. மூன்று நட்சத்திரம் போட்டிருக்கிறேன், கணக்கு டீச்சர் வந்தால் ஏற்றிவிடுகிறேன்.