பிரின்டருக்கு ஒரு வழி, வைஃபைக்கு ஒரு வழி

எங்கள் வீட்டு ரூட்டர் 2 வருடம் மேசைக்கு அடியில் கிடந்தது. காரணம் பிரின்டர். ரூட்டரின் பின்னால் இருந்த யூஎஸ்பி போர்ட்டில் அதைச் செருகியிருந்தேன். அந்த ஒயர் ஒன்றரை மீட்டர்தான். பின்னறையில் வீடியோ கால் திணறும்போதெல்லாம் இணையத்தைத் திட்டினேனே தவிர, ரூட்டர் இருந்த இடத்தைப் பார்க்கவில்லை.

வீட்டில் எல்லோரும் ஒரே பிரின்டரில் அச்சடிக்க, அதைக் கணினியில் செருகி ஷேர் செய்வதுதான் பழைய வழி. கணினி தூங்கினால் பிரின்டரும் தூங்கிவிடும். நாள் முழுக்க ஓடும் கணினி இருந்தால் சரி, இல்லையென்றால் வேண்டாம்.

ரூட்டரின் யூஎஸ்பியில் செருகினால் அந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஸ்கேனர் பெரும்பாலும் வேலை செய்யாது. ரூட்டரும் பிரின்டரோடு கட்டுண்டு மூலைக்குப் போய்விடும்.

அப்புறம் பிரின்டரின் சொந்த வைஃபை. போனிலிருந்தே அச்சடிக்கலாம், வசதிதான். வைஃபைக்கு 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் என்று அலைவரிசைகள் உண்டு. வீட்டு பிரின்டர்கள் பல 2.4 கிகாஹெர்ட்ஸில் மட்டும் சேரும். போன் 5 கிகாஹெர்ட்ஸில் இருந்தாலும் ஒரே ரூட்டர் என்றால் பொதுவாகப் பாதகமில்லை. இரண்டில் ஒன்றை, விருந்தாளிகளுக்கென்று பிரித்து வைக்கும் கெஸ்ட் நெட்வொர்க்கில் சேர்த்தால்தான் ஒன்றையொன்று பார்க்காது. நேற்று வரை அச்சடித்தது இன்று ‘ஆஃப்லைன்’ என்று முரண்டு பிடிக்கிறதா? பல நேரம் ரூட்டர் அதற்கு வேறு ஐபி முகவரி, அதாவது நெட்வொர்க்கில் அதைக் கண்டுபிடிக்க உதவும் எண், கொடுத்திருக்கும். ரூட்டரின் டிஹெச்சிபி பக்கத்தில் (ஐபிகளைப் பங்கிட்டுக் கொடுக்கும் பகுதி அது) பிரின்டரின் மேக் முகவரிக்கு (அதன் நெட்வொர்க் கருவிக்கு உரிய அடையாளம்) ஒரு ஐபியை ஒதுக்கிவிட்டு, கணினியில் அந்த ஐபியைக் கொடுத்தே பிரின்டரைச் சேர்த்துவிடுங்கள்.

லேன் போர்ட், அதாவது நெட்வொர்க் கேபிள் செருகும் துளை, இருக்கிற பிரின்டர் என்றால் நான் யோசிக்கவே மாட்டேன், கேபிள்தான். 100 மீட்டர் வரை இழுக்கலாம். அச்சுக்கு வேகம் பெரிதாகத் தேவையில்லை, இணைப்பு அறுந்துபோகாமல் இருந்தால் போதும். ரூட்டரும் விடுதலையாகிவிடும்.

விடுதலையான ரூட்டரை வீட்டின் நடுவில், உயரமான இடத்தில், இரும்பு பீரோவையும் மைக்ரோவேவ் அடுப்பையும் விட்டுத் தள்ளி வையுங்கள். ரூட்டர் அமைப்பில் 2.4 கிகாஹெர்ட்ஸுக்குச் சேனல் 1, 6, 11 இவற்றில் நெரிசல் குறைந்த ஒன்றை வையுங்கள். இவ்வளவும் செய்த பிறகும் ஓர் அறை வறண்டு கிடந்தால்தான் செலவைப் பற்றிப் பேச வேண்டும்.

பலரும் முதலில் வாங்குவது ரிப்பீட்டர், ரூட்டரின் சிக்னலை வாங்கித் திருப்பிப் பரப்பும் பெட்டி. ஒரே ரேடியோவில் வாங்கி, அதிலேயே திருப்பி அனுப்பும் ரகம் என்றால் வேகம் ஏறக்குறைய பாதியாகிவிடும். அதையும் சிக்னலே வராத அறையில் கொண்டுபோய் வைப்பார்கள். வாங்குவதற்கே ஒன்றும் இல்லாத இடத்தில் அது எதைக் கொடுக்கும்? பல பெட்டிகள் சேர்ந்து ஒரே வைஃபையாகப் பரப்பும் மெஷ் தேவலை, அதிலும் பெட்டிகள் பேசிக்கொள்ளத் தனி அலைவரிசை இருக்கிற ரகம் நல்லது.

என் ஓட்டு, கேபிள் இழுத்து வைக்கும் இரண்டாவது ஆக்சஸ் பாயின்டுக்கு, அதாவது வைஃபை பரப்பும் இன்னொரு பெட்டிக்கு. பரணில் கிடக்கும் பழைய ரூட்டரே போதும். அதன் டிஹெச்சிபியை அணைத்து, முதல் ரூட்டரோடு மோதாத ஐபி ஒன்றைக் கொடுத்து, கேபிளை லேன் போர்ட்டில் செருகுங்கள். இணைய ஒயருக்கான வேன் (WAN) போர்ட்டில் செருகினால் அது தனி நெட்வொர்க் ஒன்றை உண்டாக்கிக்கொள்ளும். இணையம் நன்றாக ஓடும். பின்னறைப் போனுக்கு மட்டும் பிரின்டர் தட்டுப்படாது. எனக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை அப்படித்தான் போனது, பாவம் பிரின்டரை நாலு முறை அணைத்துப் போட்டேன்.