ஆர்க்கிடெக்ட்டிடம் பிளான் மட்டும் வாங்குவதா, வீடு முடியும்வரை கூட வைத்துக்கொள்வதா?

மதுரைப் பக்கம் வீடு கட்டுகிறவர்களுக்குப் பொதுவாக மூன்று வழி உண்டு. பிளான், மெட்டீரியல், கூலி எல்லாவற்றையும் சேர்த்து சதுரடி ரேட்டுக்கு ஒரு காண்ட்ராக்டரிடம் விட்டுவிடலாம். ஆர்க்கிடெக்ட்டிடம் வரைபடம் மட்டும் வாங்கிக்கொண்டு தெரிந்த மேஸ்திரியை வைத்துக் கட்டலாம். அல்லது முதல் பேச்சிலிருந்து பால் காய்ச்சும்வரை ஆர்க்கிடெக்ட்டைக் கூடவே வைத்துக்கொள்ளலாம். நாகமலை புதுக்கோட்டையில் நாங்கள் கட்டியது மூன்றாவது வழியில். திருமங்கலத்தில் என் மச்சான் கட்டியது இரண்டாவது வழியில். சதுரடி ரேட்டில் நான் கட்டியதில்லை, எங்கள் தெருவில் மற்றவர்கள் கட்டுவதைப் பார்த்ததோடு சரி. அதனால் அதைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன்.

சதுரடி ரேட்டில் தலைவலி குறைவு, பேசுவதற்கு ஒரே ஆள், பிளானும் "ஃப்ரீ". ஆனால் சம்ப், செப்டிக் டேங்க், காம்பவுண்டு சுவர் எல்லாம் ரேட்டுக்குள் வருமா வராதா என்பதை எழுத்தில் வாங்காவிட்டால் பாதி வேலையில் சண்டை வரும். அதைவிடப் பெரிய சங்கடம், கம்பி குறைந்தால் யாருக்கு லாபமோ அவரேதான் கம்பி சரியாக இருக்கிறதா என்றும் பார்ப்பார். நாணயமான காண்ட்ராக்டர்கள் இருக்கிறார்கள், நிறையவே இருக்கிறார்கள். இருந்தாலும் இந்த ஏற்பாடு அப்படித்தான்.

அடுத்த இரண்டையும் ஒப்பிட வேண்டுமானால் ஆர்க்கிடெக்ட்டின் வேலை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரிந்திருக்க வேண்டும். 1972ஆம் வருடச் சட்டப்படி, கவுன்சில் ஆஃப் ஆர்க்கிடெக்சரில் பதிவு செய்தவர்தான் தன்னை ஆர்க்கிடெக்ட் என்று சொல்லிக்கொள்ளலாம். எங்கள் ஒப்பந்தம் அந்தக் கவுன்சில் வகுத்த வரிசையைத்தான் பின்பற்றியது. மொத்தம் ஏழு கட்டம். மனையைப் பார்த்து, தேவையைக் கேட்டு முதல் யோசனை தருவது ஒன்று. அதைத் திருத்தி முதற்கட்ட வரைபடமாக்குவது இரண்டு. அப்ரூவலுக்கான வரைபடம் மூன்று. வொர்க்கிங் டிராயிங் (சைட்டில் பார்த்துக் கட்டுவதற்கான விவரமான வரைபடம்), அளவுப் பட்டியல், டெண்டர் தாள்கள் நான்கு. காண்ட்ராக்டரைத் தேர்ந்தெடுக்க உதவுவது ஐந்து. கட்டுமானம் ஆறு. முடித்துக் கொடுப்பது ஏழு. ஊரில் பலர் இதை மூன்று நான்கு தவணையாகச் சுருக்கிக்கொள்கிறார்கள், அது தப்பில்லை.

இதில் கவனிக்க வேண்டியது ஃபீஸ் ஏறும் விதம். முதல் யோசனை கொடுத்ததும் மொத்த ஃபீஸில் 10 சதவீதம் சேர்ந்திருக்கும். அப்ரூவல் கிடைத்ததும் அது 35, வொர்க்கிங் டிராயிங்கும் டெண்டர் தாள்களும் முடியும்போது 45. மிச்சம் 55 சதவீதம் அதற்கப்புறம்தான். "பிளான் போட்டாச்சு, ஆர்க்கிடெக்ட் வேலை முடிஞ்சது" என்று நாம் நினைக்கும் இடத்தில், அவர்கள் கணக்குப்படி பாதிகூட முடியவில்லை.

அப்ரூவல் பிளானே போதும் என்று நினைப்பவர்களும் உண்டு. 2024 ஜூலையில் சுயசான்று முறை (விதிப்படி கட்டுகிறோம் என்று உரிமையாளரே சான்று கொடுப்பது) வந்த பிறகு, 2,500 சதுரடி வரை உள்ள மனையில் 3,500 சதுரடி வரை, ஒரு மாடி வரை கட்டும் வீடுகளுக்கு அனுமதி ஆன்லைனிலேயே சுலபமாகக் கிடைக்கிறது. நல்ல விஷயம்தான். ஆனால் அந்தத் தாளில் சுற்றிலும் எவ்வளவு இடம் விட்டிருக்கிறோம், எத்தனை சதுரடி கட்டுகிறோம் என்பதுதான் இருக்கும். பீமுக்கு எத்தனை கம்பி, பாத்ரூம் தளம் எத்தனை அங்குலம் இறங்க வேண்டும், சுவிட்ச் போர்டு எந்தப் பக்கம் என்பதெல்லாம் வொர்க்கிங் டிராயிங்கில்தான் வரும். பிளான் மட்டும் வாங்குகிறவர்கள் நான்காவது கட்டம் வரையாவது வாங்கிக்கொள்வது நல்லது.

மச்சான் அந்தக் கட்டம் வரை வாங்கினார். நல்ல வரைபடங்கள். திருமங்கலம் பக்கம் கரிசல் மண். மழையில் ஊதும், வெயிலில் பிளக்கும். அதனால் ஆரம்பத்திலேயே மண் பரிசோதனை செய்யச் சொல்லி, அதற்கேற்ற அஸ்திவாரம் கொடுத்திருந்தார்கள். இடறியது அப்புறம்தான். வாஸ்து பார்த்தவர் மாடிப்படி ஒற்றைப்படையில் வர வேண்டும் என்றார். மேஸ்திரி சாக்பீஸால் சுவரில் கோடு போட்டு ஒரு படியைச் சேர்த்துவிட்டார். சேர்த்த படிக்கு 10 அங்குலம் எங்கிருந்து வரும்? படி திரும்பும் இடத்தில் இருக்கும் லேண்டிங்கிலிருந்துதான். மூன்றரை அடி இருந்த லேண்டிங் மூன்றடிக்கும் கீழே போனது. குடிபோன அன்று பீரோ அந்தத் திருப்பத்தில் திரும்பவில்லை. கடைசியில் கயிறு கட்டி பால்கனி வழியாக ஏற்றினார்கள். ஆர்க்கிடெக்ட்டைக் குறை சொல்ல முடியாது. ஒப்பந்தம் முடிந்த ஆள், போனில் கேட்டபோது மரியாதையாகப் பதில் சொன்னார், ஆனால் சைட்டைப் பார்க்காமல் எவ்வளவு சொல்ல முடியும்?

நான் முழுச் சேவை, அதாவது மூன்றாவது வழி, பக்கம் சாய்வதற்கு மாடிப்படி காரணமில்லை. காரணம் கான்கிரீட். சுவர் கோணலாக வந்தால் இடிக்கலாம், டைல்ஸ் பிடிக்காவிட்டால் மாற்றலாம். கான்கிரீட் போட்ட பிறகு உள்ளே கம்பி எப்படி இருக்கிறது என்று யாராலும் எட்டிப் பார்க்க முடியாது. அதற்கு முந்தின நாள் பார்த்தால்தான் உண்டு. அதனால் எங்கள் ஒப்பந்தத்தில் ஒரு வரி சேர்த்திருந்தோம்: அஸ்திவாரம், தூண், பீம், ரூஃப் எதுவானாலும் ஆர்க்கிடெக்ட் வந்து சைட் நோட்டில் கையெழுத்துப் போடாமல் கான்கிரீட் போடக்கூடாது.

முதல் ரூஃப் போட்டபோது அந்த வரி வேலை செய்தது. சென்ட்ரிங் முடிந்து, கம்பி கட்டி, மறுநாள் காலை மிக்ஸருக்கும் சொல்லியாகிவிட்டது. சாயங்காலம் வந்த ஆர்க்கிடெக்ட் நேரே பால்கனி பக்கம் போய் டேப்பை வைத்தார். நடு ரூஃப் சுவருக்குச் சுவர் தாங்கி நிற்பது, அது தொய்ந்தால் அடிப்பக்கம்தான் இழுபடும், அதனால் கம்பி கீழே. பால்கனி வெளியே நீட்டிக்கொண்டிருப்பது, அங்கே இழுபடுவது மேல்பக்கம், அதனால் கம்பி மேலே. எங்கள் ஆட்கள் மேலேதான் கட்டியிருந்தார்கள். ஆனால் ஒயர் போகும் கான்டுயிட் பைப் போட வந்தவர்கள் அதன்மேல் நடந்து நடந்து, மேலே இருக்க வேண்டிய கம்பி பாதி உயரத்துக்கு இறங்கியிருந்தது. தரையில் நின்று பார்த்த எனக்கு எல்லாம் அழகாகத்தான் தெரிந்தது. இன்னொரு இடத்தில், கம்பி பலகையைத் தொடாமல் தூக்கி நிறுத்தும் கவர் பிளாக்குக்குப் பதில் ஜல்லிக் கல்லைச் சொருகியிருந்தார்கள். ரூஃப் கம்பிக்குக் கீழே 20 மில்லிமீட்டராவது கான்கிரீட் இருக்க வேண்டும், கல் நழுவினால் கம்பி பலகையிலேயே உட்கார்ந்துவிடும்.

"மேடம், காலையில ஆள் வந்துரும், போட்டுட்டே தூக்கி விட்டுக்கிறோம்" என்றார் மேஸ்திரி. ஆர்க்கிடெக்ட் கையெழுத்துப் போடவில்லை. லைட் போட்டு, மேல் கம்பியைத் தாங்கும் சேர் கம்பி வளைத்து வைத்து, பால்கனிக் கம்பியை ராத்திரியே தூக்கிக் கட்டினார்கள். காலையில் வந்து மறுபடி அளந்த பிறகுதான் மிக்ஸர் ஓடியது. வரைபடத்தில் கம்பி மேலேதான் இருந்தது, மச்சான் வீட்டு வரைபடத்திலும் அப்படித்தான் இருந்திருக்கும். நான் ஃபீஸ் கொடுத்தது அந்தச் சாயங்காலத்துக்கு.

முழுச் சேவை என்றால் தினமும் வந்து நிற்பார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம். கவுன்சில் நிபந்தனையிலேயே, பேசி முடிவு செய்த இடைவெளியில் வந்து பார்ப்பதுதான் ஆர்க்கிடெக்ட் வேலை. அன்றாட மேற்பார்வைக்குத் தனி ஆள். எங்களுக்கு அந்த ஆள் ரிட்டயரான என் மாமனார். குடையும் நோட்டுமாகத் தினமும் போய்விடுவார், தண்ணீர் விட்டு க்யூரிங் ஆகிறதா என்று பார்ப்பதில் கறார். வீட்டில் அப்படி ஒருவர் இல்லையென்றால் சூப்பர்வைசர் சம்பளத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும். ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர் ஃபீஸ் ஆர்க்கிடெக்ட் ஃபீஸுக்குள் வருகிறதா என்பதையும் முதல் நாளே கேட்டுவிடுங்கள், ஆளுக்கு ஆள் மாறுகிறது.

ஒரே தளம், சின்ன வீடு, மூன்று தலைமுறையாகத் தெரிந்த மேஸ்திரி என்றால் மச்சான் வழியே போதும் என்றுதான் சொல்வேன். அப்போதும் வரைபடம் கொடுத்த அதே ஆர்க்கிடெக்ட்டிடம், கான்கிரீட்டுக்கு முந்தின நாள் மட்டும் வந்து பார்க்க விசிட்டுக்கு இவ்வளவு என்று பேசிப் பாருங்கள். தியாகராசர் பொறியியல் கல்லூரியில் பி.ஆர்க் படிப்பு இருப்பதால் ஊரில் இளம் ஆர்க்கிடெக்ட்டுகளுக்குக் குறைவில்லை, இப்படிக் கேட்டால் ஒப்புக்கொள்ளக்கூடியவர்கள் இருப்பார்கள். வீட்டை விற்கும்போது ஆர்க்கிடெக்ட் கட்டிய வீடு என்று கூடுதல் விலை கிடைக்குமா என்று என்னைக் கேட்காதீர்கள், விற்கும் எண்ணம் இல்லை.

ஏழாவது கட்டத்தை மட்டும் சும்மா விட்டுவிடாதீர்கள். கட்டியது கட்டியபடி வரைந்த படங்கள், பைப்பும் ஒயரும் உட்பட, அதில்தான் வரும். கடைசித் தவணையை நாங்கள் அதைக் கையில் வாங்கிய பிறகே கொடுத்தோம். ஏசி மாட்ட வந்தவர் ட்ரில்லை எடுத்ததும் நாங்கள் முதலில் காட்டியது அந்தத் தாளைத்தான். வேறு வழியில் கட்டுகிறவர்கள் பூச்சுக்கு முன்னால் ஒவ்வொரு சுவரையும், பக்கத்தில் டேப்பைப் பிடித்துக்கொண்டு, போனில் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். அதற்குச் செலவு ஒன்றுமில்லை.