ஜிடிஎக்ஸ் 1080 ப்ளோயர் கார்டுக்கு எந்தக் கூலர்?

என்விடியா 2016-இல் தன் சொந்த வடிவமைப்பில் வெளியிட்ட ஜிடிஎக்ஸ் 1080 ஃபவுண்டர்ஸ் எடிஷன், ஃபுல் எச்டி திரையில் விளையாடுபவர்களுக்கு இன்றும் பெருமளவு ஈடுகொடுக்கும் கிராஃபிக்ஸ் கார்டு. அதன் பலவீனம் கூலர்தான். ஒற்றை ப்ளோயர் விசிறி காற்றை உறிஞ்சி, மூடிய உறைக்குள் இருக்கும் ஹீட் சிங்க் (சூட்டை வாங்கிக் காற்றில் பரப்பும் உலோகத் தகடுகள்) வழியாகத் தள்ளி, கேபினெட்டின் பின்புறம் வெளியேற்றுகிறது. 180 வாட் வெப்பத்தை இந்த ஏற்பாடு சத்தமில்லாமல் சமாளிப்பதில்லை. கிராஃபிக்ஸ் சிப் 83 டிகிரியை எட்டியதும் கார்டு தன் கிளாக் வேகத்தைப் படிப்படியாகக் குறைத்துக்கொள்கிறது. அறையே 35 டிகிரியில் இருக்கும் நம் ஊர்க் கோடையில் அந்த எல்லையை எட்ட அதிக நேரம் ஆவதில்லை.

இத்தகைய கார்டுகளுக்குத் தனியாக விற்கப்பட்ட கூலர்களில் ஆர்க்டிக் ஆக்செலரோ எக்ஸ்ட்ரீம் 4, ராஜின்டெக் மார்ஃபியஸ் 2, என்இசட்எக்ஸ்டி க்ராக்கன் ஜி12 ஆகிய மூன்றும் பரவலாகப் பேசப்பட்டவை. புதிய சரக்காக இவை அரிதாகவே கிடைக்கின்றன என்பதால், வாங்குபவர் பெரும்பாலும் பழைய பொருள் சந்தையைத்தான் நாட வேண்டியிருக்கும்.

பெட்டியின் மேல் குளிர்விக்கும் திறனாக 300 வாட், 360 வாட் என்று அச்சிட்டிருப்பதைப் பார்த்து முடிவெடுப்பது வீண் வேலை. 180 வாட் கார்டில் சிப்பைக் குளிர்விக்கும் வேலையை மூன்றுமே எளிதாகச் செய்துவிடும். உண்மையான வேறுபாடு சிப்பைச் சுற்றியுள்ள மெமரி சில்லுகளையும், சிப்புக்கு மின்னழுத்தத்தைச் சீராக்கித் தரும் விஆர்எம் பகுதியையும் ஒவ்வொன்றும் எப்படிக் கவனிக்கிறது என்பதில்தான் இருக்கிறது. மென்பொருள் காட்டும் வெப்பநிலை சிப்புக்குரியது மட்டுமே. அது 60 டிகிரி என்று காட்டிக்கொண்டிருக்கும்போதே விஆர்எம் கொதித்துக்கொண்டிருக்கக்கூடும், இந்தக் கார்டில் அது நம் கண்ணுக்குத் தெரியாது.

ஆர்க்டிக் தன் முந்தைய எக்ஸ்ட்ரீம் 3-உடன் சிறு அலுமினிய ஹீட் சிங்குகளையும், அவற்றை ஒட்ட வெப்பம் கடத்தும் பசையையும் கொடுத்தது. அந்தப் பசை ஒருமுறை இறுகிவிட்டால் சில்லுக்குச் சேதமில்லாமல் பெயர்ப்பது கடினம் என்பதால், கார்டைப் பின்னர் விற்க நினைப்பவர்கள் தயங்கினார்கள். எக்ஸ்ட்ரீம் 4-இல் பசைக்குப் பதிலாகக் கார்டின் முதுகில் ஒரு பெரிய ஹீட் சிங்கைப் பொருத்தி, இடையில் வெப்பம் கடத்தும் மெத்தையான தெர்மல் பேட் வைத்து, பலகையின் வழியாக வரும் வெப்பத்தை எடுக்கிறார்கள். வேலை சுத்தமானது, ஆனால் முதுகுப் பக்கம் தடிமன் கூடுவதால், பெரிய சிபியு கூலர் வைத்திருப்பவர்களுக்கு அது போய் இடிக்கும். கூலரின் நீளம் 288 மில்லிமீட்டர் என்பதையும் கேபினெட்டில் அளந்து பார்த்துக்கொள்ள வேண்டும். அதன் மூன்று 92 மில்லிமீட்டர் விசிறிகளும் கூலரோடு சேர்ந்தே வருபவை. ஒன்று பழுதானால் அதே அளவில் மாற்று தேடுவது அலைச்சல்.

என் தேர்வு மார்ஃபியஸ் 2. வெப்பத்தைத் தகடுகளுக்குக் கடத்தும் குழாய்களான ஹீட் பைப்புகள் பன்னிரண்டு கொண்ட வெறும் ஹீட் சிங்கை மட்டும் தருகிறார்கள். விசிறிகளை நாமே வாங்க வேண்டும் என்பது செலவாகத் தோன்றினாலும், எந்தக் கடையிலும் கிடைக்கும் 120 மில்லிமீட்டர் விசிறி இரண்டு போதும் என்பதே இதன் பெரிய வசதி. அவை மெதுவாகச் சுழன்றாலே கார்டு 65 டிகிரிக்கு மேல் போவது அபூர்வம். கேபினெட்டின் மற்ற விசிறிகளின் சத்தம்தான் பிறகு காதில் விழுகிறது. இதற்குக் கொடுக்கும் விலை இடம். ஹீட் சிங்க் 44 மில்லிமீட்டர், வழக்கமான விசிறி 25 மில்லிமீட்டர் என்று கூட்டினால் ஏறத்தாழ 70; மதர்போர்டில் கார்டுகளைச் செருகும் ஸ்லாட் ஒன்றின் அகலம் 20 மில்லிமீட்டர் சொச்சம் என்பதால் நான்கு ஸ்லாட்டுகள் போய்விடும். 15 மில்லிமீட்டர் தடிமனுள்ள மெலிந்த விசிறிகளைப் போட்டால் மூன்றில் அடக்கலாம்.

இதில் குறை சொல்ல வேண்டியது மெமரிக்கும் விஆர்எம்மிற்கும் வரும் குட்டி ஹீட் சிங்குகளின் ஒட்டும் நாடாவை. நின்ற நிலையில் உள்ள கேபினெட்டில் கார்டின் சில்லுகள் தரையைப் பார்த்துத்தான் இருக்கும். சூட்டில் நாடா இளகி ஹீட் சிங்க் கழன்று விழுந்தால், கீழேயுள்ள மதர்போர்டின் மின் இணைப்புகளில் பட்டு ஷார்ட் ஆகலாம். ஒட்டும் முன் ஒவ்வொரு சில்லையும் ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் கொண்டு எண்ணெய்ப் பிசுக்குப் போகத் துடைத்து, ஒட்டியபின் அரை நிமிடமாவது விரலால் அழுத்திப் பிடிப்பது இந்த ஆபத்தை வெகுவாகக் குறைக்கும்.

க்ராக்கன் ஜி12 கூலரே அல்ல. சிபியுவுக்கான லிக்விட் கூலரைக் கிராஃபிக்ஸ் கார்டில் மாட்ட உதவும் சட்டம். சிப்பின் வெப்பநிலையில் இது மற்ற இரண்டையும் முந்திவிடும். ஆனால் விஆர்எம்மிற்கு ஒரு 92 மில்லிமீட்டர் விசிறியின் காற்று மட்டுமே கிடைக்கிறது, மெமரிக்கு எதுவும் இல்லை. மெமரியையும் விஆர்எம்மையும் தொட்டிருக்கும் ஃபவுண்டர்ஸ் கார்டின் அடித்தட்டைக் கழற்றாமல் அப்படியே விட்டு, ப்ளோயரையும் சிப்பின் ஹீட் சிங்கையும் மட்டும் நீக்கிப் பலர் இதைச் சரிக்கட்டியிருக்கிறார்கள். லிக்விட் கூலரின் சூட்டை வெளியேற்றும் ரேடியேட்டருக்கும் சேர்த்து இடம் தேட வேண்டியிருப்பதால், கையில் ஏற்கெனவே பொருத்தமான லிக்விட் கூலர் சும்மா இருந்தாலொழிய நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன்.

எதை வாங்கினாலும் கார்டின் விசிறி முனை மதர்போர்டில் இருப்பதைவிடச் சிறியது என்பதை நினைவில் வைத்து, தேவைப்பட்டால் அதற்கான அடாப்டர் கேபிளையும் சேர்த்து வாங்குவது நல்லது. விசிறிகளை மதர்போர்டில் செருகினால் அவை வழக்கமாகச் சிபியுவின் சூட்டைப் பார்த்துத்தான் சுழலும். கிராஃபிக்ஸ் சிப்பின் மேல் உலோக மூடி கிடையாது. திருகுகளை ஒன்றை முழுதாக முறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போனால் சிலிக்கானின் ஓரம் உடையலாம் என்பதால், குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். மார்ஃபியஸைப் பொருத்தவரை விசிறியில்லாமலே எடை அரைக் கிலோவைத் தாண்டுகிறது. கார்டின் முனைக்குக் கீழே ஒரு தாங்கி வைக்காமல் கேபினெட்டை மூட வேண்டாம்.