நாள்பட்ட சைனஸ்: மூக்கில் சதை இருக்கிறதா என்று பார்ப்பதா, அழற்சி எந்த வகை என்று பார்ப்பதா?

எண்டோஸ்கோப் விட்டு, சதை (பாலிப்) இருக்கிறது, இல்லை என்று பிரிப்பது பழைய வழி. சில நிமிடத்தில் முடியும், செலவும் குறைவு. 2020-இல் வந்த ஐரோப்பிய வழிகாட்டுதல் அழற்சியை வைத்து டைப் 2 (ஆஸ்துமா, ஒவ்வாமையில் போல இயோசினோபில் என்ற வெள்ளணு மிகும் அழற்சி), டைப் 2 அல்லாதது என்று பிரிக்கிறது. என் சாய்வு இதன் பக்கம்தான். எல்லாச் சதையும் ஒன்றல்ல. மேலை நாடுகளில் பெரும்பாலும் இயோசினோபில் நிறைந்த சதை. சீனாவில் நியூட்ரோபில் என்ற வேறு வெள்ளணு மிகுந்ததும் கணிசமாக உண்டு. அது ஸ்டீராய்டுக்கு அவ்வளவாகக் கட்டுப்படாது.

மூக்கடைப்பும் முகத்தில் பாரமும் எல்லா வகையிலும் வரும். அவற்றை வைத்து வகையைப் பிரிக்க முடியாது. துப்புக் கொடுப்பது வாசனை. தாளிக்கும் பெருங்காயம்கூடத் தெரியவில்லை. ஸ்டீராய்டு மாத்திரை போட்டதும் மணம் திரும்புகிறது, நிறுத்திய சில வாரத்தில் மறுபடி போய்விடுகிறது. கூடவே வீசிங், அல்லது ஆஸ்பிரின், இபுப்ரோஃபென் போட்டால் மூச்சிழுப்பு. இப்படி இருந்தால் முதலில் டைப் 2-ஐத்தான் சந்தேகிக்க வேண்டும். சதை காற்றை மறிப்பது மட்டுமே காரணமில்லை. மூக்கின் கூரையில் மணம் உணரும் சவ்வையே அழற்சி கெடுக்கிறது. அதனால்தான் அடைப்பு விலகிய பிறகும் சிலருக்கு மணம் வருவதில்லை.

டைப் 2 அல்லாததில் டைப் 1, டைப் 3 என்று இரண்டு உண்டு. ஐஎல்-17 (இன்டர்லூக்கின்-17, செல்களுக்கிடையே சேதி சொல்லும் புரதம்) முன்னின்று நியூட்ரோபிலைக் கூட்டும் டைப் 3-இல் மஞ்சளாக, பச்சையாகச் சீழ் வடிவது அதிகம். டைப் 1-க்கு இப்படித் தனி அடையாளம் சொல்வது கடினம். ஒரே ஆளிடம் இரண்டு வகை கலந்தும் இருக்கும் என்பதால் அறிகுறியோடு நிற்காமல் பரிசோதனைக்குப் போக வேண்டும்.

தவறு நடப்பது அங்கேதான். பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை ஆரம்பித்துவிட்டால் ரத்தத்தில் இயோசினோபில் சில மணி நேரத்திலேயே சரியும். பிறகு எடுக்கும் ரிப்போர்ட் நார்மல் என்று வந்து ஏமாற்றும். மாத்திரைக்கு முன்பே ஏஈசி (ரத்தத்தில் இயோசினோபில் எண்ணிக்கை) எடுத்துவிடுங்கள். டைப் 2-க்கு 2020 வழிகாட்டுதல் வைத்த அளவு மைக்ரோலிட்டருக்கு 250 அல்லது அதற்கு மேல். மொத்த ஐஜிஈ (ஒவ்வாமையில் ஏறும் எதிர்ப்புப் புரதம்) 100 அல்லது அதற்கு மேல். குடற்புழு இருந்தாலும் இரண்டும் ஏறும், அதையும் கவனிக்க வேண்டும். ஆபரேஷனில் எடுத்த திசுவை அனுப்பும்போது, இயோசினோபில் எண்ணிக்கை வேண்டும் என்று ஃபார்மில் எழுதச் சொல்லுங்கள். கேட்காவிட்டால் பல இடங்களில் 'அழற்சிப் பாலிப்' என்ற ஒற்றை வரிதான் வரும். மைக்ரோஸ்கோப்பில் பெரிதாக்கிப் பார்க்கும் ஒரு வட்டத்தில் (உயர் உருப்பெருக்கப் புலம்) இயோசினோபில் 10-க்குக் குறையாமல் இருந்தால் டைப் 2.

2019-இல் அமெரிக்காவில் மூக்குச் சதைக்கு அனுமதி பெற்ற டுபிலுமாப், டைப் 2 அழற்சியைத் தூண்டும் ஐஎல்-4, ஐஎல்-13 இரண்டின் வேலையையும் தடுக்கிறது. 2 வாரத்துக்கு ஒருமுறை 300 மில்லிகிராம் ஊசி. டைப் 2 அல்லாதவருக்கு அப்படி ஒரு மருந்து இல்லை. உப்புநீரால் கழுவுவதோடு, குறைந்த அளவில் மாதக்கணக்கில் மேக்ரோலைடு வகை ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்க்கிறார்கள். அதற்கான சான்று அரைகுறைதான். அது இதயத் துடிப்பைப் பாதிக்கலாம் என்பதால் தொடங்கும் முன் ஈசிஜி பார்த்துக்கொள்வது நல்லது.