ரிட்டையர் ஆகிறவர்கள் கவனத்துக்கு: என் 68,400 ரூபாய் போன கதை

நேற்று சாயங்காலம்தான் நான் மருத்துவக் காப்பீடு எடுத்த தனியார் நிறுவனத்திடமிருந்து கடைசிப் பதில் வந்தது. பணம் திரும்ப வராதாம். பிரீமியமாகக் கட்டிய 68,400 ரூபாய். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை, அதனால் விடிந்ததும் எழுத உட்கார்ந்துவிட்டேன்.

அரசு அலுவலகத்தில் உதவியாளராக இருந்து போன ஏப்ரல் 30-ஆம் தேதி ஓய்வு பெற்றேன். வீடு பாளையங்கோட்டையில். ஈட்டிய விடுப்புப் பணம் கணக்கில் ஏறிய அதே வாரம் ஓர் ஆள் வீட்டுக்கு வந்தார். தனியார் மருத்துவக் காப்பீடு விற்கும் ஏஜென்சி. என்னோடு வேலை பார்த்தவர் சொல்லி வந்தவர் என்பதால் உட்காரச் சொன்னேன். வந்ததும் வராததுமாக நான் அண்ணாச்சி, என் மனைவி மதினி.

“சம்பளத்துல 300 ரூவா பிடிச்சாங்கல்லா அண்ணாச்சி, அந்தக் காப்பீடு ரிட்டையர் ஆன அன்னைக்கே முடிஞ்சு போச்சு. இனி ஆஸ்பத்திரிக்குப் போனா மொத்தமும் கைக்காசுதான்.”

இதில் பாதி உண்மை, அதனால்தான் நம்பினேன். பணியில் இருப்பவர்களுக்கான அந்த 300 ரூபாய்ப் பிடித்தம் நிற்கும், சரி. ஆனால் ஓய்வூதியர்களுக்குத் தமிழ்நாடு அரசின் தனித் திட்டம் இருக்கிறது. மாதம் 497 ரூபாயை ஓய்வூதியத்திலேயே பிடித்துக்கொள்வார்கள். கணவன் மனைவி இருவருக்கும் சேர்த்து நான்கு ஆண்டுக் காலத்துக்கு 5 லட்சம் வரை உண்டு. 1.7.2022-இல் தொடங்கிய திட்டம் அது. அதைப் பற்றி அவர் வாயே திறக்கவில்லை.

அப்புறம் விண்ணப்பம். கையில் வைத்திருந்த டேப்லெட்டில் அவரே நிரப்பினார். மேஜையில் மனைவியின் சுகர் மாத்திரை அட்டை கிடந்தது. அதை விரலால் ஓரமாகத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் டேப்லெட்டை வைத்தார். “மதினிக்குச் சுகர் எட்டு வருஷமா இருக்கே” என்று நானே சொன்னேன். “இந்த வயசுல யாருக்கு இல்ல? எழுதினா பிரீமியம் ஏறும். கிளெயிம் வந்தா நான் பாத்துக்கிடுதேன்” என்றார். ஓடிபி கேட்டார், வாசித்துச் சொன்னேன். மாத்திரை அட்டையைத் தொட்ட அதே விரலால்தான் ‘நோய் எதுவும் இல்லை’ என்று அழுத்தியிருக்கிறார்.

பாலிசி எங்கே என்று கேட்டபோதெல்லாம் “வரும் அண்ணாச்சி, தபால்ல வரும்” என்றே சொன்னார். வேண்டாமென்றால் பாலிசி கைக்கு வந்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று விதி இருக்கிறது. பாலிசியோ முதல் வாரத்திலேயே மெயிலில் போய்விட்டதாம். விண்ணப்பத்தில் இருந்தது என் மெயில் முகவரி இல்லை, அவருடையது!

செப்டம்பரில் மனைவிக்கு நெஞ்சுவலி. ஆஸ்பத்திரியில் கேஸ் ஷீட்டில் சுகர் எட்டு வருடம் என்று எழுதினார்கள். அவ்வளவுதான், நோயை மறைத்தீர்கள் என்று கிளெயிமை நிராகரித்துவிட்டார்கள். உள்ளே அவள் படுத்திருக்க, வெளியே நான் போனும் கையுமாக நின்றேன். காப்பீட்டு மேஜையில் இருந்த பெண்தான் என் பென்ஷன் ஸ்லிப்பை வாங்கிப் பார்த்துவிட்டு, “சார், 497 பிடிச்சிருக்காங்களே, உங்களுக்கு அரசு காப்பீடே இருக்கே” என்றாள். பி.பி.ஓ. எண்ணை, அதாவது ஓய்வூதிய ஆணை எண்ணை வைத்து அவளே ஏற்பாடு செய்தாள். ஸ்டென்ட் வைத்தார்கள். மனைவி நலமாக இருக்கிறாள். அந்தப் பிள்ளை நன்றாக இருக்கட்டும்.

அப்படியென்றால் நான் கட்டிய 68,400 எதற்கு?

அந்த ஆளுக்குப் போன் போட்டால் முதலில் “மீட்டிங்ல இருக்கேன் அண்ணாச்சி”. அப்புறம் எடுப்பதே இல்லை. வண்ணாரப்பேட்டையில் மாடியில் இருக்கிற அவர்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை ஏறி இறங்கினேன். ஒரு தடவை மேனேஜர் வெளியூர். அடுத்த தடவை “அவர் இப்ப எங்ககிட்ட இல்லை சார்”. மூன்றாவது தடவை உட்காரக்கூடச் சொல்லவில்லை, டோல் ஃப்ரீ நம்பர் எழுதின துண்டுச் சீட்டை நீட்டினார்கள். அந்த நம்பரில் பாட்டுதான் ஓடியது. நேற்று வந்த பதிலில் இருப்பது ஒரே வரி: ‘நோய் இல்லை என்று உறுதியளித்தது தாங்களே.’

எல்லாவற்றையும் விளக்கமாக எழுதத்தான் நினைத்தேன், இப்போது மனசு ஒரு நிலையில் இல்லை. முதல் பென்ஷன் ஸ்லிப்பில் காப்பீட்டுப் பிடித்தம் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லையென்றால் கருவூலத்தில் கேளுங்கள். தனியாரில் எடுத்தே ஆக வேண்டுமென்றால் சுகர், பிரஷர் எல்லாவற்றையும் எழுதச் சொல்லுங்கள், மெயிலும் போன் நம்பரும் உங்களுடையதாக இருக்கட்டும். ஓடிபியை வாசித்துச் சொல்லாதீர்கள். நிறுவனம் கைவிரித்தால் சென்னையில் காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர் இருக்கிறார், கட்டணம் கிடையாது. நான் அங்கேதான் எழுதப் போகிறேன்.

இந்த மாதக் கடைசியில் எங்கள் அலுவலகத்தில் இன்னொருவர் ஓய்வு பெறுகிறார். முந்தாநாள் அவருக்கும் போன் வந்திருக்கிறது. நம்பர் வேறு, பேச்சு அதே அண்ணாச்சிதான். அவருக்கு இதை முதலில் அனுப்பிவிட்டுத்தான் இங்கே போடுகிறேன்.