தோட்டக் கிணற்றடியில் யூஎஸ்பி–சீரியல் அடாப்டர்: நீண்டகாலப் பயன்பாட்டு அனுபவம்

கிளிநொச்சியைச் சுற்றியுள்ள தோட்டக் கிணறுகளுக்கு, நீர்மட்டம் இறங்கியதும் மோட்டரை நிறுத்தும் சிறிய கட்டுப்பாட்டுப் பெட்டிகளைச் செய்து கொடுக்கிறேன். அவற்றுள் இருப்பது ஏடிமெகா328 அல்லது வைஃபை உள்ள ஈஎஸ்பி8266 என்ற சிறு கணினிச் சிப். பெட்டி ஏன் நின்றது என்பதை அது சீரியல் (பிட்டுகளை ஒன்றன்பின் ஒன்றாக அனுப்பும் இணைப்பு) வழியாக அனுப்பும் வரிகளைக் கொண்டே அறிய வேண்டியிருப்பதால், அவ்வரிகளை மடிக்கணினிக்குக் கொண்டுவரும் யூஎஸ்பி–சீரியல் அடாப்டர் என் பையில் எப்போதும் கிடக்கும். எஃப்டி232ஆர்எல், சிபி2102, சிஎச்340 ஆகிய மூன்று சிப்களில் அமைந்தவற்றையும் பல வருடங்களாக மாறி மாறிப் பயன்படுத்தி வருகிறேன்.

வேகத்தைப் பொறுத்தவரை மூன்றும் எனக்கு ஒன்றுதான். நொடிக்கு 115200 பிட் என்ற வேகத்தைத் தாண்டும் தேவை அரிதாகவே வருகிறது. அந்த வேகத்தில் எழுத்துகள் சிதைந்து வந்தால் அடாப்டரைக் குறை சொல்லுமுன் மறுமுனையைப் பார்க்க வேண்டும். 16 மெகாஹேர்ட்ஸில் ஓடும் ஏடிமெகா328 அந்த வேகத்தை ஏறத்தாழ 2.1 சதவீதப் பிசகோடுதான் தருகிறது. 8 மெகாஹேர்ட்ஸில் பிசகு 3.5 சதவீதமாகிறது. அத்தகைய போர்டுகளை நான் 38400இலேயே ஓட விடுகிறேன். அங்கு பிசகு 0.2 சதவீதம் மட்டுமே.

உண்மையான தொல்லை மின்னழுத்தத்தில் இருக்கிறது. மலிவான அடாப்டர்கள் சிலவற்றில் 3.3 அல்லது 5 வோல்ற் என்று தெரிவுசெய்யும் ஜம்பர் (சிறு இணைப்புத் துண்டு), மின்வழங்கும் முள்ளை மட்டுமே மாற்றுகிறது. தரவை அனுப்பும் டிஎக்ஸ் முள் 5 வோல்ற்றிலேயே நிற்கிறது. எதையும் அனுப்பாத வேளையில் டிஎக்ஸ் உயர்நிலையில் இருக்கும் என்பதால், மல்ரிமீற்றரை அதற்கும் கிரவுண்டுக்கும் இடையே வைத்தால் உண்மை உடனே தெரிந்துவிடும். புதிய அடாப்டர் எதையும் இந்தச் சோதனை முடியாமல் 3.3 வோல்ற்றில் ஓடும் ஈஎஸ்பி8266இன் அருகே கொண்டுபோவதில்லை.

அடுத்தது மின்னோட்டம். எஃப்டி232ஆர்எல் தன் 3.3 வோல்ற் முள்ளிலிருந்து 50 மில்லி அம்பியரும், சிபி2102 100 மில்லி அம்பியரும் மட்டுமே கொடுக்கும். ஈஎஸ்பி8266 வைஃபையில் அனுப்பும் கணங்களில் 300 மில்லி அம்பியரையும் கடந்து இழுக்கும். அடாப்டரிலிருந்தே மின்சாரம் கொடுத்தால் போர்டு திரும்பத் திரும்பத் தொடங்கிக்கொண்டிருக்கும்; 115200இல் பார்த்தால் குப்பை எழுத்துகளே தெரியும். வேகத்தை 74880க்கு மாற்றினால் அந்தக் குப்பை வாசிக்கத்தக்க தொடக்கச் செய்தியாகிவிடும். அதிலுள்ள காரண எண் 1 என்றால் மின்சாரம் புதிதாக வந்தது, 2 என்றால் ரீசெற் முள் இழுக்கப்பட்டது, 4 என்றால் வோச்டோக் (சிப் உறைந்தால் அதை மீளத் தொடங்க வைக்கும் காவல் கடிகாரம்) தட்டியது. தோட்டக்காரர் "சும்மா நிண்டு போச்சு தம்பி" என்று சொல்வதைவிட இந்த ஓர் எண் எனக்கு அதிகம் சொல்லும்.

போர்டின் மின்சாரத்தை நிறுத்திய பிறகும் அதன் எல்ஈடி மங்கலாக எரிவதுண்டு. அடாப்டரின் டிஎக்ஸ் முள்ளிலிருந்து சிப்பின் பாதுகாப்பு டையோடு வழியே மின்சாரம் உள்ளே நுழைவதே காரணம். இந்நிலையில் சிப் முழுமையாக அணைவதில்லை, மீளத் தொடங்குவதும் ஒழுங்காக நடப்பதில்லை. டிஎக்ஸ் வயரில் 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் ஒன்றைத் தொடராகப் போட்டால் அந்த மின்னோட்டம் பெரிதும் அடங்கும்.

மோட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது இணைப்பதானால் மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு பற்றரியில் ஓட விட வேண்டும். மடிக்கணினியினதும் பெட்டியினதும் கிரவுண்டுகள் அடாப்டர் வழியே இணைந்துவிடுவதால், கொன்ராக்டர் (மோட்டரை இயக்கும் மின்காந்த ஆளி) அடிக்கும் நொடியில் யூஎஸ்பி தொடர்பு அறுந்துபோவது இங்கு வழமை. ஏடியூஎம்1201 என்ற தனிமைப்படுத்தும் சிப்பை இடையில் வைத்த பின்னர் அந்தத் தலையிடி தீர்ந்தது. அதன் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனி மின்வழங்கல் வேண்டும்.

ட்ரைவர் விடயத்தில் சுருக்கமாகச் சொன்னால், 2014இல் எஃப்டி232ஆர்எல்லைச் செய்யும் நிறுவனமான எஃப்டிடிஐயின் விண்டோஸ் ட்ரைவர் போலிச் சிப்களின் அடையாள எண்ணைப் பூச்சியமாக்கிச் செயலிழக்கச் செய்தது. சந்தையில் போலிகள் இன்னும் உள்ளன. உபுண்டு 22.04இல் சிஎச்340 செருகியவுடன் மறைந்துபோனால், பிரெயில் கருவிகளுக்கான பிஆர்எல்டிடிவை மென்பொருளே அதைப் பிடித்திருக்கும். பிரெயில் கருவி பயன்படுத்தாதவர்கள் அதை நீக்கிவிடலாம்.

வெளியே போகும்போது நான் எடுப்பது சிபி2102. அதன் டிஎக்ஸ் எப்போதும் 3.3 வோல்ற், உள்வாங்கும் முள் 5 வோல்ற்றையும் தாங்கும். 5 வோல்ற்றில் ஓடும் ஏடிமெகா328 உயர்நிலையாக ஏற்பதற்கு 3 வோல்ற் போதுமாதலால், ஜம்பரைத் தொடாமலே இரு வகைப் பெட்டிகளுக்கும் அது சரிவருகிறது. மலிவுப் போர்டுகள் பலவும் 0001 என்ற ஒரே தொடரிலக்கத்தோடு வருவதால், இரண்டை ஒன்றாகச் செருகும்போது மட்டும் எது எந்தத் துளையில் இருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும்.